விண்மீன் ஆகாத பிள்ளைகள்

2007ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ எனும் இந்தித் திரைப்படம் நம் நாட்டின் கல்விச் சிந்தனையில் ஏற்படுத்திய அசைவு சிறியதன்று. ‘மண்ணில் விண்மீன்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அமோல் குப்தே கதையும் திரைக்கதையும் எழுத, நடிகர் ஆமிர் கான் இயக்கித் தயாரித்த இப்படம் குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஆஸ்கர் பரிசுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பி வைக்கவும் பட்டது. விருதுகளைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று இதனால் விளைந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமல் தவிக்கும் பிள்ளையை ‘சோம்பேறி’, ‘மந்தம்’, ‘திமிர் பிடித்தவன்’ எனும் மூன்று சொற்களால் அழைக்க மட்டுமே அறிந்திருந்த பல இல்லங்களுக்கு, ‘டிஸ்லெக்சியா’ எனும் நான்காவது சொல்லை அது கற்றுக்கொடுத்தது.

ஒரு சொல் கிடைப்பது எளிய காரியமன்று. பெயரில்லாத துன்பம் பழியாக மாறிவிடும். பெயர் பெற்ற துன்பத்திற்கோ வழி தேடலாம். அந்த வகையில் இப்படத்திற்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் ஒரு கலைப்படைப்பு காலப்போக்கில் பாடநூலாகிவிடுமாயின், அதனைப் பாடநூலாகவும் ஆய்ந்து பார்ப்பது திறனாய்வாளரின் கடமையாகும். ஆசிரியர் பயிற்சி நாள்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் கற்றல் குறைபாடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இப்படமே எடுத்துக்காட்டாக முன்வைக்கப்படுகிறது. கண்ணீருடன் எழுந்து செல்லும் ஆசிரியர் மறுநாள் காலை தம் வகுப்பில், வாசிக்க இயலாத ஒரு பிள்ளையின் முன் நிற்கும்போது, படம் அவருக்கு என்ன தந்திருக்கிறது? இக்கேள்வியோடு அப்படத்தை மீண்டும் ஒருமுறை நோக்குவோம்.

கதையின் போக்கு

மும்பையில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இளைய மகன் இஷான் அவஸ்தி. மூன்றாம் வகுப்பில் ஒருமுறை தோற்று, அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்திருப்பவன். அண்ணன் யோஹான் படிப்பிலும் விளையாட்டிலும் முதல்வன். இஷானுக்கோ எழுத்துகள் வசப்படுவதில்லை. நிறங்களும் மீன்களும் பட்டங்களும் வசப்படுகின்றன. பள்ளியின் முறையீடுகள் பெருகவே, ஒழுங்குபடுத்தும் நோக்குடன் தந்தை அவனை விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடுகிறார். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை பேச்சை இழக்கிறான்; தூரிகையையும் இழக்கிறான். அங்கே தற்காலிக ஓவிய ஆசிரியராக வரும் ராம் சங்கர் நிகும்ப், அவனது நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து அவன் இடர்ப்பாட்டினை இனங்காண்கிறார். அவரும் சிறு வயதில் அதே துன்பத்தை அனுபவித்தவர். அவரது பயிற்சியால் இஷான் மெல்ல மெல்ல வாசிக்கக் கற்கிறான். முடிவில் பள்ளி முழுவதும் கலந்துகொள்ளும் ஓவியப் போட்டியில் அவனே முதற்பரிசு பெறுகிறான்.

படத்தின் வெற்றிகள்

ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் புகழ்பெற்ற நாயகர் இடைவேளையை ஒட்டியே திரைக்கு வருகிறார். அதுவரை படம் ஓர் எட்டு வயதுச் சிறுவனின் தோள்களிலேயே நிற்கிறது. நம் திரைப்பட மரபில் இத்தகைய துணிவு அரிது. இந்த முற்பகுதியே படத்தின் உயிர் என்பது நமது கருத்து.

கணக்குத் தேர்வுக் காட்சி ஒன்றைக் கருதுவோம். மூன்றை ஒன்பதால் பெருக்க வேண்டும். இஷானின் மனத்தில் மூன்றாம் கோளாகிய பூமி கிளம்பிச் சென்று, ஒன்பதாவது கோளாக எண்ணப்பட்டிருந்த புளூட்டோவின் மீது மோதுகிறது. புளூட்டோ சிதறுகிறது, பூமி எஞ்சுகிறது. ஆகவே விடை மூன்று. வெற்றிப் புன்னகையுடன் அவ்விடையை எழுதிவிட்டு அவன் நிறுத்திக்கொள்கிறான். பார்ப்பவர் சிரிக்கிறார், சிரித்த மறுகணம் திடுக்கிடுகிறார். விடை தவறு என்பது உறுதி. ஆனால் அத்தவற்றினுள்ளே எத்துணைப் பெரிய உழைப்பு நடந்திருக்கிறது! திருத்துபவரின் சிவப்பு மை அவ்வுழைப்பைக் காண்பதில்லை.

இதனினும் ஆழமானது விடுதிப் பள்ளியின் கவிதை வகுப்பு. கவிதையின் பொருளைக் கூறுமாறு இஷானைக் கேட்கிறார் ஆசிரியர். அவன் தனக்குத் தோன்றிய பொருளைத் தன் சொற்களில் கூறுகிறான். நோட்டில் எழுதிக்கொடுத்த பொருளோடு அது ஒத்துவராததால் ஆசிரியர் அதனை ஒதுக்கிவிடுகிறார். பின்னர், காலில் குறையுள்ள வகுப்புத் தோழன் ராஜன் அவனிடம், நீ கூறியதே உண்மையான பொருள் என்கிறான். டிஸ்லெக்சியாவின் இயல்பை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி வேறொன்று படத்தில் இல்லை. காதுவழி கேட்டதைப் புரிந்துகொள்ளும் அறிவு முழுமையாக இருக்கிறது. கண்வழி எழுத்தை ஒலியாக்கும் வாயில் மட்டும் அடைபட்டிருக்கிறது.

இந்த உண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் ‘டிஸ்லெக்சியா’ எனும் சொல்லை வழங்கினார். 1896இல் இங்கிலாந்தின் சீஃபோர்டு நகரைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி எனும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கூர்மதியுள்ள அச்சிறுவனால் வாசிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிவு செய்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், வாய்மொழியாக அறிந்து வைத்திருப்பதை அறிவாக ஏற்க நம் வகுப்பறைகள் தயங்கியே நிற்கின்றன.

இஷானின் பெற்றோர் இல்லத்தில் நிகும்ப் நடத்தும் உரையாடலும் பாராட்டுக்குரியது. பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் நோட்டுகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். மகனுக்குச் சோம்பல் என்று தந்தை வாதிட, அயல்நாட்டு எழுத்துகள் அச்சிட்ட பெட்டி ஒன்றைக் கொடுத்து, இதை வாசியுங்கள் என்கிறார். முடியாது எனத் தந்தை கூறவே, அவர் மகன்மீது சுமத்திய குற்றச்சாட்டுகளை அவர் மீதே திருப்பிச் சுமத்துகிறார். முயன்றால் முடியும் என்று பிள்ளையிடம் கூறிவரும் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருமுறை கைகளில் ஏந்த வேண்டிய பெட்டி அது.

நடனமாடும் எழுத்துகள்

இவ்வளவு சிறப்புகளுக்கிடையே படம் விதைத்துச் சென்ற சில மயக்கங்களையும் சுட்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது, எழுத்துகள் நடனமாடுகின்றன என்பது. இஷான் அவ்வாறு கூறுகிறான். திரையிலும் எழுத்துகள் பூச்சிகளைப் போல் ஓடுகின்றன. காட்சிக்கு இது அழகு. ஆனால் பார்ப்பவர் மனத்தில், டிஸ்லெக்சியா கண்களைப் பற்றிய நோய் எனும் எண்ணத்தை அது பதித்துவிடுகிறது. எழுத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி எழுதுவதே இதன் அடையாளம் என்று நம்புவோரும் பலர். எழுதப் பழகும் தொடக்க நாள்களில் எல்லாப் பிள்ளைகளுமே எழுத்துகளைத் திருப்பி எழுதுவது உண்டு. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு. ஒரு சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணர்வதும், அவ்வொலிகளை உரிய எழுத்துகளோடு விரைந்து இணைப்பதும் இப்பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கின்றன. இதனை அறிந்த ஆசிரியர் ஒலிப் பயிற்சியில் தொடங்குவார். அறியாதவரோ மூக்குக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவார். பார்வையையும் செவிப்புலனையும் முதலில் சோதித்துக்கொள்வது முறையே. அவ்விரண்டும் நன்றாக இருக்கையில் தேடல் நின்றுவிடலாகாது.

தமிழ் வகுப்பில் இது வேறொரு வடிவம் கொள்கிறது. இஷான் தடுமாறுவது பெரிதும் ஆங்கில எழுத்தில். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது. எனவே பிழைகள் வெளிப்படையாகத் தெரியும். எழுத்தும் ஒலியும் நெருங்கிச் செல்லும் மொழிகளில், இடர்ப்பாடுள்ள பிள்ளை பிழைகள் குறைவாகவும், ஆனால் மிக மெதுவாகவும் பெருமுயற்சியோடும் வாசிக்கும். ஆகவே தமிழாசிரியர் பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளையின் பாட்டினைக் காணத் தவறிவிடுவார்.

தமிழுக்கென்றே உரிய கண்ணிகளும் உள்ளன. ‘கெ’ எனும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால் ஒலிக்கையில் ககர மெய் முந்தி, எகர ஒலி பிந்துகிறது. ‘கொ’வில் ஒரே உயிரொலி, மெய்க்கு முன் கொம்பாகவும் பின் துணைக்காலாகவும் பிரிந்து நிற்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ எனும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று வகையாக ஒலிக்கிறது. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும், சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும், ல, ள, ழ எனும் மூன்றும் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிட்ட பகுதிகளில், எழுத்தை ஒலியால் பிரித்தறிய வழியில்லாமற்போகிறது. இயல்பான பிள்ளை இவற்றைப் பழக்கத்தால் தாண்டிவிடும். இடர்ப்பாடுள்ள பிள்ளைக்கோ ஒவ்வொன்றையும் தனித்தனியே, வெளிப்படையாகக் கற்பித்தாக வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் அட்டவணையாக மனப்பாடம் செய்யச் சொல்லும் முறை அவனுக்குப் பயன்படுவதில்லை.

பாட்டுக்குள் மறைந்த உழைப்பு

இரண்டாவது மயக்கம், காலத்தைப் பற்றியது. இஷானுக்கு நிகும்ப் அளிக்கும் பயிற்சி முழுவதும் ஒரு பாடலின் பின்னணியில் சில நிமிடங்களில் கடந்து போகிறது. மணலில் எழுதுகிறான், களிமண்ணால் எழுத்து சமைக்கிறான், படிக்கட்டுகளில் ஏறி இறங்கிக் கணக்குப் போடுகிறான். பாடல் முடிகையில் வாசித்துவிடுகிறான். திரைப்படத்திற்கு நேரம் குறைவு என்பதை நாம் அறிவோம். எனினும் ஓவியப் போட்டிக்கு அத்துணை நிமிடங்களை வாரி வழங்கிய படம், வாசிக்கக் கற்கும் வேளைக்கு இவ்வளவே ஒதுக்கியது தற்செயலானதன்று. போட்டி கண்ணுக்கு விருந்து. எழுத்துப் பயிற்சியோ சலிப்பூட்டுவது. நேற்றுக் கற்றது இன்று மறந்துபோவது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வது.

ஆயினும் அச்சில காட்சிகளில் காட்டப்படும் முறை சரியானதே. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த வழியின் சாயல் அதில் உண்டு. எழுத்தைக் கண் காண, வாய் ஒலிக்க, செவி கேட்க, விரல் தடவ, இந்நான்கும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு படி உறுதிப்படாமல் அடுத்த படியில் கால் வைக்கலாகாது என்பதே அதன் சாரம்.

இதில் நம்மவர்க்கு அந்நியமானது எதுவுமில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகினார்கள். கண்ணும் வாயும் செவியும் விரலும் அங்கே ஒன்றாகவே உழைத்தன. அத்திண்ணைகளில் பிரம்பும் இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வது நம் நோக்கமன்று. பிரம்பை விட்டுவிட்டு மணலை எடுத்துக்கொள்ளலாம் என்பதே நாம் கூற விழைவது. ஒரு தாம்பாளமும் இரண்டு பிடி மணலும் எந்த ஏழைப் பள்ளியாலும் வாங்க இயலாத கருவிகளல்லவே!

மொழியாசிரியர் எங்கே?

மூன்றாவது குறை நம்மை மிகவும் உறுத்துவது. படத்தில் இஷானைக் காப்பவர் ஓவிய ஆசிரியர், அதுவும் தற்காலிகமாக வந்தவர். மொழி கற்பிப்போரும் கணக்குக் கற்பிப்போரும் ஏறக்குறையக் கேலிச் சித்திரங்களாகவே வந்துபோகிறார்கள். அவர்களில் எவரும் தம் வகுப்பினுள் ஒரு பழக்கத்தையேனும் மாற்றிக்கொள்வதாக நாம் விரிவாகக் காண்பதில்லை. தலைமையாசிரியரிடம் நிகும்ப் வேண்டிப் பெறும் சலுகையும், அவர் தனியே ஒதுக்கும் நேரமுமே மீட்பின் கருவிகளாகின்றன.

ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் நின்று, பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் உழலும் ஆசிரியர், அப்படத்தில் தம் முகத்தை எங்கே காண்பார்? கேலிச் சித்திரத்தில் காண மாட்டார். நிகும்பிடமும் காண முடியாது. அழுதுவிட்டு எழுந்து போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே படம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பாகிறது.

முன்னறிவிப்பின்றி எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல் முதற்படி. வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே குறித்துக் கொடுத்துவிட்டால், பிள்ளை வீட்டில் பழகி வந்து, மற்றவரோடு தலைநிமிர்ந்து வாசிக்கும். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுத அவனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். இயலாத நாளில் அருகிலுள்ள தோழனின் நோட்டைப் பயன்படுத்திக்கொள்ள இசைவு வேண்டும். அறிவியல் தேர்வில் அறிவியலைச் சோதிக்க வேண்டும்; எழுத்துப் பிழைக்காக அங்கே மதிப்பெண் குறைப்பது, ஓட்டப்பந்தயத்தில் பாடத் தெரியாதவனைத் தள்ளி வைப்பது போன்றது. எழுதிக் காட்ட முடியாததை வாய்மொழியாகக் கேட்டறியலாம். பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்புவதைவிட, இவ்வாரம் இந்த ஒரு வகைப் பிழை என்று தேர்ந்தெடுத்துத் திருத்தினால் அது மனத்தில் தங்கும். ‘நன்று’ எனப் பொதுவாகக் கூறுவதைக் காட்டிலும், ‘கொம்பும் துணைக்காலும் இன்று தவறாமல் போட்டிருக்கிறாய்’ எனக் குறித்துச் சொல்லும் பாராட்டு அவனை மறுநாளும் முயலச் செய்யும்.

இவற்றிற்குச் சிறப்புப் பட்டமோ கருவியோ தேவையில்லை. இவை மற்றப் பிள்ளைகளுக்குத் தீங்கும் செய்வதில்லை. தரத்தைத் தாழ்த்துவதாக எவரேனும் கூறினால், நாம் தாழ்த்துவது வாசலின் படியை மட்டுமே, வீட்டின் கூரையை அன்று என்று விடையிறுக்கலாம்.

சட்டமும் இன்று பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் இதற்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தபோது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் அவற்றுள் சேர்த்துக்கொண்டது. முறையான மதிப்பீட்டுச் சான்று பெற்ற மாணவர்க்குப் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரமும், எழுதித் தர உதவியாளரும் கிடைக்க வழி இருக்கிறது. நிகும்ப் செய்ததைப் போல் நோட்டைப் பார்த்த அளவில் ஓர் ஆசிரியரே முடிவு கூறிவிடுவது தகாது; ஐயம் கொள்வது ஆசிரியர் வேலை, உறுதி செய்வது பயிற்சி பெற்ற வல்லுநர் வேலை. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகின்றன. வாசலைத் தட்டப் பெற்றோர் வெட்கப்படுவதே பெரிய தடையாக இருக்கிறது. மகளுக்குத் திருமணம் கூடாது, குடும்பத்துக்குப் பெயர் கெடும் என்று சான்றிதழைப் பெறாமலே விட்டுவிடும் இல்லங்கள் இன்றும் உள்ளன.

பரிசு பெறாதவன்

இனி நம் திறனாய்வின் மையத்திற்கு வருவோம். வகுப்பில் நிகும்ப் தம் மாணவர்க்குச் சில பெரியோரின் பெயர்களைக் கூறுகிறார். ஐன்ஸ்டைன், லியோனார்டோ டாவின்சி, எடிசன் ஆகியோர் சிறுவயதில் எழுத்தோடு போராடியவர்கள் என்கிறார். ஐன்ஸ்டைன் பேசத் தொடங்கக் காலம் தாழ்த்தினார் என்பது உண்மை. ஆனால் சிறுவயதிலேயே அறிவியல் நூல்களை ஆவலோடு வாசித்தவர் அவர். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது எனக் கூற உறுதியான சான்றில்லை. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த டாவின்சி, இடக்கையால் வலமிருந்து இடமாக எழுதினார் என்பதைக் கொண்டு மட்டும் அவரை இப்பட்டியலில் சேர்ப்பதும் பொருந்தாது.

வரலாற்றுப் பிழையைவிட, அதன் அடியில் உள்ள எண்ணமே நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. இப்பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இவன் நாளை மேதையாவான் என்பதே அவ்வெண்ணம். படத்தின் முடிவும் அதனையே உறுதிப்படுத்துகிறது. இஷான் போட்டியில் வெல்கிறான். அவன் ஓவியம் பள்ளி ஆண்டுமலரின் அட்டையை அணி செய்கிறது. அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. மதிப்பெண்ணை வழிபடும் பந்தயத்தைக் கண்டித்துத் தொடங்கிய படம், வேறொரு பந்தயத்தில் பிள்ளையை முதல்வனாக்கி முடிகிறது.

இஷானுக்கு ஓவியம் வராதிருந்தால்? வாசிக்க இயலாத பெரும்பான்மைப் பிள்ளைகளைப் போல், அவனும் பாட்டோ ஓவியமோ விளையாட்டோ எதிலும் தனித்திறன் காட்டாத ஓர் எளிய பையனாக இருந்திருந்தால்? நிகும்பின் கனிவுக்கு அவன் உரியவன் ஆகாமற்போவானா? அரங்கம் அவனுக்காக அழுதிருக்குமா? இக்கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை. விளைவாக, குறைபாடு இருப்பதாக அறிந்தவுடன் மகனுக்குள் மறைந்திருக்கும் மேதையைத் தேடத் தொடங்கும் பெற்றோரைக் காண்கிறோம். இவ்வாரம் ஓவிய வகுப்பு, அடுத்த வாரம் கீபோர்டு, பின்னர்ச் சதுரங்கம். எதிலும் விண்மீன் தோன்றாதபோது பிள்ளை இரண்டாம் முறை தோற்கிறான். முதல் தோல்வியிலாவது பழி எழுத்தின் மேல் இருந்தது. இரண்டாம் தோல்வி அவன்மேலேயே விழுகிறது.

நற்செய்தியின் தாலந்து உவமையைப் பள்ளி விழா மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஐந்து தாலந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் தலைவர் சொல்லும் பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே என்பதை எவரும் அம்மேடைகளில் எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை. எத்தனை என்று எண்ணும் பழக்கம் நம்முடையது, தலைவருடையதன்று. விடுதலைப் பயண நூலில், தமக்கு நாவன்மை இல்லை என்று பின்வாங்கும் மோசேக்குத் துணையாக ஆரோன் அனுப்பப்படுகிறார். மோசேயின் நா திருந்திய பிறகே பணி தொடங்கும் என்று கடவுள் காத்திருக்கவில்லை. அவரிடம் வேறொரு மறைந்த திறமை உள்ளதா எனச் சோதிக்கவும் இல்லை. தேர்வறையில் ஒரு பிள்ளைக்கு எழுத்துதவியாளர் அமர்வதைச் சலுகை என்று முணுமுணுப்போர், ஆரோனையும் சலுகை என்றே கூறுவார்களா?

நம் பங்குகளிலும் இதற்கு இடமுண்டு. மறைக்கல்வி வகுப்பில் செபங்களை எழுதிக் காட்டினால்தான் முதல் நற்கருணை என்று நிபந்தனை விதிக்கும் இடங்களில், வாய்மொழியாகச் சொல்லக் கேட்பதே போதுமானது. திருப்பலியில் வாசகம் வாசிக்க எப்போதும் சரளமாக வாசிக்கும் அதே மூன்று பிள்ளைகளையே அழைப்பதை விடுத்து, தடுமாறும் பிள்ளைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே சிறியதொரு மன்றாட்டினைக் கொடுத்துப் பழக்கலாம். அவன் மெதுவாக வாசித்தால் சபை மெதுவாகச் செபிக்கட்டும்.

படத்தின் உண்மையான உச்சம்

படத்தை முற்றிலும் ஒதுக்குவது நம் கருத்தன்று. தன்னையறியாமலே அது தன் குறைக்கு மாற்றும் தந்திருக்கிறது. ஓவியப் போட்டிக்கு முன்னதாக ஒரு சிறு காட்சி வருகிறது. பள்ளிக்கு வந்த தந்தை நிகும்புடன் பேசிவிட்டுத் திரும்பிச் செல்கையில், அறிவிப்புப் பலகையின் முன் தன் மகன் நிற்பதைத் தொலைவிலிருந்து காண்கிறார். இஷான் எழுத்துக் கூட்டி, தட்டுத் தடுமாறி, பலகையில் உள்ளதை வாசிக்க முயல்கிறான். அருகில் எவருமில்லை. கைதட்டல் இல்லை, பரிசு இல்லை. யாருடைய வற்புறுத்தலுமின்றித் தானாகவே அவன் ஓர் எழுத்தின் முன் நிற்கிறான். தந்தை கலங்கிய கண்களோடு அகன்றுவிடுகிறார்.

படத்தின் உண்மையான உச்சம் இதுவே என்பது நமது துணிபு. ஓவியப் பரிசு ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வாய்க்கலாம். இந்த அறிவிப்புப் பலகை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கக் கூடியது, வாய்க்க வேண்டியது. பேருந்தின் பெயர்ப் பலகையை, மருந்துச் சீட்டினை, நண்பனின் கடிதத்தை, நியாயவிலைக் கடையின் அறிவிப்பைப் பிறர் துணையின்றித் தானே வாசிப்பது ஒரு மனிதனின் விடுதலை. அதற்கு அவன் மேதையாக இருக்க வேண்டியதில்லை. அவன் எதிரில் பொறுமையுள்ள ஒருவர், மணல் பரப்பிய தாம்பாளத்தோடு நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்தாலே பாதை தொடங்கிவிடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இப்படத்தை மீண்டும் திரையிடுவோர், ஓவியப் போட்டியில் எழும் ஆரவாரத்தோடு அரங்கத்தைக் கலைத்துவிட வேண்டாம். அறிவிப்புப் பலகைக் காட்சியில் ஒருமுறை நிறுத்தி, அவரவர் வகுப்பில், அவரவர் இல்லத்தில், அவரவர் பங்கில் அதே பலகையின் முன் நிற்கும் பிள்ளை யார் என்று கேட்கட்டும். விடையாக ஒரு பெயராவது வரும். அப்பெயருக்குரிய பிள்ளைக்கு எந்தத் திறமையும் இல்லாதிருக்கலாம். அவனுக்கு வாசிக்கக் கற்றுத்தருவதற்கு, அவன் பிள்ளையாயிருக்கிறான் என்பதே போதுமான காரணம்.